சிறு கிண்ணத்துக்கு உகந்த அடுப்பு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் தொக்கு, ஊறுகாய், ஜாம், பால்கோவா ஆகியவற்றை வீட்டிலேயே செய்து விற்கும் மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும், வீட்டுத் தேவைக்கு மட்டும் செய்துவைக்கும் இல்லத்தாருக்கும்:



மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அடுத்தடுத்து அமைந்த இவ்விரு ஊர்களும் உணவைக் கெடாமல் வைப்பதில் இரு வேறு வழிகளைக் கைக்கொண்டவை. ஸ்ரீவில்லிபுத்தூர் பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவாவாக்குகிறது; ராஜபாளையம் மலையடித் தோப்புகளின் மாங்காயை உப்பிலும் காரத்திலும் நல்லெண்ணெயிலும் ஊறவைக்கிறது. முன்னது முழுக்க முழுக்கத் தீயின் வேலை. பின்னதன் சிறந்த வகைகளில் தீக்கு இடமே இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் இப்போது மைக்ரோவேவ் அடுப்பு வந்து நிற்கிறது. தக்காளித் தொக்கு பத்து நிமிடத்தில், மாம்பழ ஜாம் பதினைந்து நிமிடத்தில், பால்கோவா ஐந்தே நிமிடத்தில் என்று செய்முறைகள் கைக்குக் கை மாறுகின்றன. குழுக் கடனில் இத்தகைய அடுப்பொன்றை வாங்கி, அதையே உற்பத்திக்கு உரிய கருவியாகக் கொள்ளலாமா என்ற கேள்வியும் எழுகிறது. அக்கேள்விக்குச் சுருக்கமான விடை இதுதான்: அரைக் கிலோ பழத்துக்கு அது மிக நல்ல அடுப்பு, பத்துக் கிலோவுக்கு அது தவறான அடுப்பு, எந்த அளவிலும் பண்டத்தைக் கெடாமல் காப்பது அந்த அடுப்பு அன்று. இவ்விடைக்கான காரணங்களையும், அவ்வடுப்பைத் தூய்மையாக வைக்கும் முறையையும் இம்மடல் சற்று விரிவாகவே எடுத்துரைக்கிறது.

முதலில் அதன் இயக்கம். இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளுக்காக உருவாக்கப்பட்ட மேக்னட்ரான் என்னும் மின்குழாய்தான் இதன் உயிர்நாடி. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பணிபுரிந்த பெர்சி ஸ்பென்சர் 1945இல் இக்குழாயின் அலைகளால் உணவைச் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஏறக்குறைய ஆளுயரமும் 340 கிலோ எடையும் கொண்டிருந்தது. வீட்டு மேடையில் வைக்கத்தக்க சிறிய அடுப்பு அமெரிக்கச் சந்தையில் பரவலானது 1967க்குப் பிறகே. இக்கால வீட்டு அடுப்பிலிருந்து வெளிப்படும் அலை வினாடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது; அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். நீரின் மூலக்கூறு ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறுமுனையில் எதிர் மின்னூட்டமும் கொண்டிருப்பதால், மாறிக்கொண்டே இருக்கும் மின்புலத்துக்கேற்பத் திரும்ப முயன்று அண்டை மூலக்கூறுகளோடு மோதுகிறது, அம்மோதலே வெப்பமாகிறது. ஆகவே இங்கே சூடேறுவது பாத்திரம் அன்று, பண்டத்திலுள்ள நீர். அடி பிடிக்காமைக்கும் இதுவே காரணம். பின்னால் சொல்லப்படும் பெரும்பாலான சங்கடங்களுக்கும் இதுவே காரணம்.

அலை பண்டத்துக்குள் ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்துக்கே வலுவாக ஊடுருவும். அதற்கு அப்பால் உள்ள பகுதி வழக்கமான வெப்பக் கடத்தலால்தான் சூடாக வேண்டும். மேலும் பெட்டியின் உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் மெலிந்தும் நிற்பதால், சுழலும் கண்ணாடித் தட்டு இருந்தும்கூட ஒரே கிண்ணத்தில் ஓர் ஓரம் கொதிக்கையில் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கக்கூடும். உப்பு சேர்ந்த பண்டங்களில் இவ்வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும். உப்புநீர் அலையை மேற்பரப்பிலேயே பெருமளவு உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே செல்லும் பங்கு குறைகிறது. உப்பிட்டுப் பிசிறிய மாங்காய்த் துருவலை ஆழமான கிண்ணத்தில் வைத்தால் ஓரம் கருகி நடுப்பகுதி பச்சையாக நிற்பது இதனால்தான். அகன்ற, ஆழம் குறைந்த கிண்ணமும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறுவதும் அதற்கு உரிய மாற்று.

இனி, அளவு பற்றிய கணக்கு. தொக்கு, சாஸ், ஜாம், பால்கோவா என்று எதைக் காய்ச்சினாலும் அடிப்படையில் நடப்பது நீரை வெளியேற்றுவதே. ஒரு கிலோகிராம் நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 2257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பண்டத்துக்கு 800 வாட் திறனைச் செலுத்தும் அடுப்பு இவ்வளவு வெப்பத்தைத் தர ஏறத்தாழ 47 நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதாவது 100 கிராம் நீர் வற்ற ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டாலே, கைமாறி வரும் செய்முறைகளில் எது நடக்கும், எது நடக்காது என்பதை அடுப்பைத் தொடாமலேயே சொல்லிவிடலாம்.

மாம்பழ ஜாமை எடுத்துக்கொள்ளலாம். ராஜபாளையத்துக் கோடைச் சந்தையில் சப்பட்டை, பஞ்சவர்ணம் போன்றவை வந்து குவியும்போது, கனிந்து குழைந்த, ஆனால் அழுகாத பழத்தின் சதை மலிவாகவே கிடைக்கும். அச்சதையில் 500 கிராமும் சர்க்கரையில் 400 கிராமும் சேர்ந்தால் மொத்தம் 900 கிராம். சதையின் திடப்பொருள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, அதாவது 80 கிராம். சர்க்கரையோடு சேர்த்து 480 கிராம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி ஜாமில் கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 விழுக்காடு இருக்க வேண்டும்; செய்பொருளில் பழத்தின் பங்கு 45 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. அந்த 65 விழுக்காட்டை எட்ட, 900 கிராம் கலவை 740 கிராமாகக் குறைந்தால் போதும். வற்ற வேண்டிய நீர் 160 கிராம். கொதிநிலைக்கு வரும் நேரத்தையும் சேர்த்து, 800 வாட் அடுப்பில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிட வேலை. செய்முறை சொல்லும் நேரமும் கணக்கும் இங்கே ஒத்துப்போகின்றன. பழத்தின் மணமும் நிறமும் நீண்ட கொதியில் கெடுபவை என்பதால், குறுகிய நேரத்தில் அடி பிடிக்காமல் முடியும் இந்த முறை வாணலி முறையைவிட மேலானது என்றே சொல்ல வேண்டும். ஜாமை உறையவைக்கும் பெக்டின் என்னும் பழநார்ப்பொருள் அமிலச் சூழலில்தான் வலைபோல் பின்னிக்கொள்ளும். ஆகையால் நன்கு பழுத்த மாம்பழத்துக்கு ஓர் எலுமிச்சையின் சாறு தேவைப்படும். புளியங்குடி எலுமிச்சை கூப்பிடு தொலைவில் கிடைக்கும் இவ்வட்டாரத்தில் அது ஒரு குறையாகாது.

பதம் பார்க்கும் முறையிலும் இவ்வடுப்பு ஒரு வசதியைத் தருகிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. வாணலியில் கம்பிப் பதம், தட்டில் சொட்டுவிட்டுச் சாய்த்துப் பார்த்தல் என்று கைப்பழக்கத்தை நம்ப வேண்டியிருக்கிறது. வெப்பமானி வைத்திருப்போர் 104, 105 பாகை செல்சியஸில் நிறுத்துவர். மைக்ரோவேவ் கிண்ணத்திலோ ஒட்டிக் கருகுவதும் சிந்துவதும் இல்லாதவரை, குறைந்த எடை முழுவதும் வெளியேறிய நீரே. கிண்ணத்தோடு சேர்த்து முதலில் எடை போட்டு, நடுநடுவே மின் தராசில் வைத்துப் பார்த்து, கணக்கிட்ட எடை வந்ததும் நிறுத்திவிடலாம். நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் நடுவில் கிடைக்கும் சமையலறைத் தராசு, இவ்விடத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

தக்காளி சாஸும் இக்கணக்குக்கு அடங்குவதே. ஆணைய விதி அதற்கு உப்பு நீங்கலாகக் குறைந்தது 25 விழுக்காடு திடப்பொருளும், அசிட்டிக் அமிலக் கணக்கில் குறைந்தது 1 விழுக்காடு புளிப்பும் கேட்கிறது. வடிகட்டிய தக்காளிச் சாறு 500 கிராமில் திடப்பொருள் 25 கிராம் அளவே. 50 கிராம் சர்க்கரை சேர்ந்தால் 75 கிராம். ஆகவே மொத்தம் 300 கிராமுக்கு வற்ற வேண்டும். வெளியேற வேண்டிய நீர் 250 கிராம், நேரம் ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம், கொதிவர எடுக்கும் நேரம் தனி. ஐந்து நிமிட சாஸ் என்று சொல்லப்படுவது, சோளமாவால் தடித்துக் காட்டப்பட்ட நீர்த்த சாறாகவே இருக்க முடியும். அன்றன்றைக்கு உண்ண அது குற்றமில்லை, குப்பியில் அடைத்து விற்க அது தகாது.

இக்கணக்கின் எல்லையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நிற்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பண்டத்தின் செய்பொருள்கள் பாலும் சர்க்கரையும் மட்டுமே. பத்து லிட்டர் பாலில் திடப்பொருள் ஏறத்தாழ 1.3 கிலோ, ஒன்றே கால் கிலோ சர்க்கரை சேர்த்துப் பால்கோவாப் பதத்துக்குச் சுண்டக் காய்ச்ச, எட்டு லிட்டருக்கும் மேல் நீர் வெளியேற வேண்டும். 800 வாட் அடுப்பில் இதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு திறனைத் தர அடுப்பு சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம் 1200 வாட் அளவு என்பதால் ஏழு எட்டு யூனிட் செலவாகும். பத்து லிட்டர் கொள்ளும் கிண்ணம் உள்ளே நுழையாது என்பது தனிச் சங்கடம். ஆண்டாள் கோயிலைச் சுற்றிய தெருக்களின் கடைகளுக்குப் பண்டம் தரும் அடுப்படிகளில் அகன்ற வாணலியும் விறகுத் தீயும் ஓயாத கிளறலும் நிலைத்திருப்பதை வெறும் பழமைப் பற்று என்று தள்ளிவிட முடியாது. அகன்ற வாய் ஆவியைத் தடையின்றி விடுகிறது. நீரின் கொதிநிலையைவிடப் பல பாகை கூடுதலாகச் சூடேறும் இரும்பின் மேற்பரப்பில் பாலின் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து இளம்பழுப்பு நிறமும் காய்ச்சிய மணமும் பிறக்கின்றன. கரண்டி அவ்வப்போது அங்கே படியும் ஏட்டைச் சுரண்டிப் பாலில் கலக்கிறது. மைக்ரோவேவ் கிண்ணத்தின் சுவர் பாலைவிடச் சூடாவதில்லை; நீர் மிகுந்திருக்கும்வரை அங்கே வெப்பம் கொதிநிலையைத் தாண்டுவதும் இல்லை. எனவே அம்மணம் அதில் பிறக்க வழியில்லை.

பால் பவுடர், டின்னில் வரும் கெட்டிப்பால், நெய் மூன்றையும் கலந்து ஐந்து நிமிடத்தில் திரட்டும் இனிப்பைப் பற்றி இம்மடலுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீரை வெளியேற்றும் வேலையை ஆலை முன்பே முடித்துவிட்ட பொருள்களைக் கொண்டு அது செய்யப்படுகிறது, சுவையாகவும் இருக்கிறது. ஆனால் அதை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று பெயரிட்டு விற்பது முறையன்று. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் காப்பது அப்பெயரை; பதிவுசெய்யப்பட்ட செய்முறைக்கு ஒத்துவராத பண்டத்துக்கு அப்பெயர் உரியதன்று. குழுவினர் வேறு பெயர் வைத்து விற்பதில் இழிவு ஏதுமில்லை.

ராஜபாளையத்தின் பக்கம் வந்தால், அங்கே வேறொரு எல்லை தென்படுகிறது. ஆந்திரப் பகுதியிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தெலுங்கு பேசும் ராஜுக்களின் இல்லங்களில் ஆவக்காய் ஊறுகாய்க்குத் தனி மதிப்பு உண்டு. கொட்டையின் ஓட்டோடு நறுக்கிய மாங்காய், கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு, நல்லெண்ணெய் ஆகியவை அடுப்பைக் காணாமலேயே கலக்கப்படுகின்றன. கடுகின் காரம் கடுகில் ஆயத்தமாக இருப்பதில்லை. பொடித்த கடுகு ஈரத்தைச் சந்திக்கும்போது மைரோசினேஸ் என்னும் நொதி வேலை செய்து அக்காரத்தை உண்டாக்குகிறது. சூடு பட்டால் அந்நொதி செயலிழந்துவிடும்; மூக்கில் ஏறும் காரம் போய்க் கசப்பே மிஞ்சும். சீக்கிரம் ஊறட்டும் என்று ஆவக்காயை மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைக்கும் புதுப்பழக்கம், அந்த ஊறுகாயை ஆவக்காயாக்குவது எதுவோ அதையே அழித்துவிடுகிறது. இதைச் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதே நல்லது.

மாங்காய்த் தொக்கு, புளிக்காய்ச்சல், நெல்லிக்காய்த் தொக்கு போன்ற காய்ச்சும் வகைகளுக்கு அத்தடை இல்லை. துருவிய மாங்காயோ கரைத்த புளியோ மைக்ரோவேவில் நன்றாகவே சுண்டும். ஆனால் தாளிப்பு அங்கே நடவாது. எண்ணெயின் மூலக்கூறுகளில் நீரில் உள்ளதுபோன்ற மின்முனைகள் இல்லாததால் அது அலையைப் பெரிதும் உறிஞ்சுவதில்லை. கடுகு வெடிக்கும் சூட்டுக்கு எண்ணெய் வருவதற்குள், உடன் கிடக்கும் கறிவேப்பிலையும் மிளகாய் வற்றலும் தம் ஈரத்தால் சூடேறிக் கருகத் தொடங்கும். கருகும் வற்றலின் நெடி மூடிய பெட்டிக்குள் தேங்கி, கதவு திறக்கும் கணத்தில் முகத்தில் அடிக்கும். நல்லெண்ணெயைக் கேஸ் அடுப்பில் காயவைத்து, கடுகும் வெந்தயமும் பெருங்காயமும் தாளித்து, சுண்டிய தொக்கின்மேல் கொட்டிக் கிளறுவதே பொருந்தும். ஒரு பண்டத்துக்கு இரண்டு அடுப்பா என்று கேட்கலாம், ஆம், இரண்டுதான்.

கெடாமல் காப்பதைப் பற்றி இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மைக்ரோவேவ் எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும், ஆகவே அதில் செய்த தொக்கு நாள்பட நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது, அது பிழையானது. சீரற்ற சூட்டில் தப்பிப் பிழைக்கும் கிருமிகள் ஒரு புறமிருக்க, கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்னும் நச்சுக் கிருமியின் வித்துகள் முழுக் கொதிநிலையிலேயே சாவதில்லை. அழுத்தத்தில் 121 பாகை வரை சூடேற்றினால்தான் அவை அழியும். காற்றில்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த சூழலில் அவை முளைத்து, உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும். ஊறுகாயும் ஜாமும் இந்நஞ்சிலிருந்து தப்புவது புளிப்பாலும், உப்பாலும், சர்க்கரையாலும், நீர்க்குறைவாலும்தான். புளிப்பை அளக்கும் அமிலக் குறியீட்டில், எண் குறையக் குறையப் புளிப்பு மிகும், 4.6க்குக் கீழே அக்கிருமி வளராது. மாங்காயும் எலுமிச்சையும் புளியும் இந்த எல்லைக்கு வெகு கீழே இருப்பதால் அச்சமில்லை. தக்காளி எல்லையை ஒட்டியே நிற்பது. நன்கு பழுத்த இனிப்புத் தக்காளியானால் காடியோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தே ஆக வேண்டும். பூண்டு எல்லைக்கு மேலே இருப்பது. புளிப்புச் சேராமல் எண்ணெயில் மட்டும் மூழ்கிய பூண்டை அறையின் சூட்டில் வைப்பது எந்த அடுப்பில் செய்தாலும் ஆபத்தானது.

இதைப்போன்றே குப்பிகளைத் தூய்மையாக்குவதிலும் ஒரு தவறான பழக்கம் உண்டு. காலிக் கண்ணாடிக் குப்பியை மைக்ரோவேவில் வைத்து ஓட்டினால் அதில் சூடேற நீரில்லை. குப்பி வெறும் வெதுவெதுப்போடு நிற்க, உறிஞ்சப்படாத அலை மேக்னட்ரானுக்கே திரும்பி அதன் ஆயுளைக் குறைக்கும். குப்பிகளை நீரில் மூழ்கவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுக் கவிழ்த்து உலர்த்துவதும், சூடான குப்பியில் சூடான ஜாமை ஊற்றி மூடுவதுமே முறை. அடைத்த குப்பியை மூடியோடு மைக்ரோவேவில் வைப்பதை எந்நிலையிலும் தவிர்க்க வேண்டும். உலோக மூடி பொறி பறக்கவிடும், இறுக மூடிய குப்பி வெடிக்கும். ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவதும் ஈரக் கரண்டி படாமல் பார்ப்பதும் எல்லோரும் அறிந்தவை.

கிண்ணம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டால், தூய்மையின் பாதிக் கதையைச் சொல்லிவிட்டதாகும். எவர்சில்வர் பாத்திரமும் பொன்விளிம்பிட்ட பீங்கானும் உள்ளே போகலாகாது. பிளாஸ்டிக் டப்பா, மைக்ரோவேவுக்கு உகந்தது என்று பொறித்திருந்தாலும், ஜாமுக்கும் தொக்குக்கும் உதவாது. சர்க்கரைப் பாகு நூறு பாகையைத் தாண்டும்போது அதன் சுவர் குழிந்து உருகும், மஞ்சளும் எண்ணெயும் அதில் என்றைக்கும் போகாத கறையாகப் படியும். வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் கிண்ணமே ஏற்றது. அதையும் கொதித்த நிலையில் ஈரமான கிரானைட் மேடையில் வைத்தால் விரிசல் விடலாம், ஆகையால் மடித்த துணியோ மரப்பலகையோ அடியில் வேண்டும். பண்டம் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது. அதற்கு மேல் இருந்தால் பொங்கும் ஜாமும் பாலும் எழுந்து வழியும். பெட்டிக்குள் நடப்பதைக் கதவின் துளைத்திரை வழியே மங்கலாகத்தான் காண முடிகிறது. திறனைப் பாதியாகக் குறைத்தால் பொங்காது என்று கருதுவதும் முழுமையாகச் சரியன்று; பெரும்பாலான வீட்டு அடுப்புகளில் பாதித் திறன் என்பது முழுத் திறனைச் சில வினாடிகள் விட்டுச் சில வினாடிகள் நிறுத்துவதே, ஆகையால் அந்தச் சில வினாடிகளில் பொங்கி வழியலாம். கிண்ணத்தின்மேல் தெறிப்பைத் தடுக்கும் துளையுள்ள மூடியை இட்டால் உட்சுவர் தப்பும்; ஆனால் முழுதும் மூடினால் ஆவி உள்ளேயே நின்று திரும்பச் சொட்டி, வற்றுதல் தடைப்படும்.

உட்புறத் தூய்மை அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. சுவரில் ஒட்டிய தொக்குத் துளியும் நீர் கொண்டதே. ஒவ்வொரு முறை அடுப்பு ஓடும்போதும் அது அலையின் ஒரு பங்கை உறிஞ்சி, காய்ந்து, கருகி, கரியாகிறது. கரி இன்னும் கூடுதலாக அலையை ஈர்த்துச் சூடேறிப் பொறி கிளப்பும். இது மிகுதியாக நிகழும் இடம் உட்புற வலச்சுவரில் பெரும்பாலும் காணப்படும், அட்டைபோலத் தோன்றும் சிறு தகடு. அது மைக்காவால் ஆனது. மேக்னட்ரானிலிருந்து அலை வரும் வழியை ஆவியும் தெறிப்பும் அடைக்காமல் காப்பது அதன் பணி. அதை எறிந்துவிடுவதும், கத்தியால் சுரண்டுவதும், நீரில் ஊறவைப்பதும் தவறு. ஈரத்துணியால் மென்மையாகத் துடைத்து உலரவிட வேண்டும், கருகித் துளை விழுந்திருந்தால் புதியது மாற்ற வேண்டும்.

துடைப்பதற்கு முன் கறையை இளக்க வேண்டும். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு குவளை நீரும், பிழிந்து முடித்த எலுமிச்சைத் தோல்களோ இரண்டு கரண்டி காடியோ இட்டு, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, கதவைத் திறக்காமல் மேலும் ஐந்து நிமிடம் விட்டால், ஆவி சுவரெங்கும் படிந்து காய்ந்த சர்க்கரையையும் புளிப்பசையையும் இளக்கிவிடும். எலுமிச்சைத் தோல் மணத்துக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. வழுவழுப்பான கிண்ணத்தில் தனி நீர் சில வேளைகளில் கொதிக்காமலேயே கொதிநிலையைத் தாண்டிச் சூடேறி, அசைத்த கணத்தில் சீறித் தெறிக்கும். தோலின் சொரசொரப்பு குமிழிகள் எழ இடம் தந்து அதைத் தடுக்கிறது. மரக்கரண்டி ஒன்றை நீரில் நிறுத்தினாலும் அதே பயன் கிடைக்கும். பிறகு மென்துணியால் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். கம்பி நார் இட்டுத் தேய்ப்பது கூடாது. அதன் இழை ஒன்று உள்ளே தங்கினாலும் பொறி பறக்கும். உட்பூச்சு கீறப்பட்டால் அவ்விடம் துருப்பிடித்து, துருவே பொறிக்கு இடமாகும்.

மஞ்சள் கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். குர்க்குமின் என்னும் அதன் நிறப்பொருள் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும்; எனவே முதலில் சில சொட்டுச் சமையல் எண்ணெயால் துடைத்து, பின்னர் பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயை எடுப்பது எளிது. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசியதும் கறை சிவப்பாக மாறுவதைக் கண்டு சிலர் அஞ்சுகின்றனர். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரைச் சுண்ணாம்பு சிவக்கவைப்பதும் இதே காரவினைதான், எலுமிச்சைச் சாறு பட்டதும் அது மீண்டும் மஞ்சளாகிவிடும். எஞ்சும் நிறத்தை வெயில் வெளிறவைக்கும்; கழற்றக்கூடிய கண்ணாடித் தட்டையும் அதன் அடியிலுள்ள உருளை வளையத்தையும் மதிய வெயிலில் வைத்தால் போதும், இவ்வட்டாரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அந்த வளையத்தின் தடத்தில் உலர்ந்த பாகு சேர்ந்தால் தட்டு தடுமாறிச் சுழலும். கிளறாமல் விட்ட பண்டம் ஓரிடத்தில் கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கதவு விளிம்பில் சர்க்கரைப் பிசின் படியாமல் பார்ப்பது பாதுகாப்பைச் சேர்ந்தது. கதவிலுள்ள உலோகத் திரையின் துளைகள் மில்லிமீட்டர் அளவினவாகையால் 12 சென்டிமீட்டர் அலை அவற்றின் வழியே வெளிவர முடியாது. ஆனால் விளிம்பு சரியாகப் பொருந்தாத கதவு வேறு கதை. அமெரிக்க விதி, அடுப்பின் ஆயுள் முழுவதும் 5 சென்டிமீட்டர் தொலைவில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியலாகாது என்கிறது. கீல் தளர்ந்த, விளிம்பு வளைந்த அடுப்பை ஓட்டலாகாது. அதை வீட்டிலேயே பிரிக்க முயல்வதும் கூடாது. உள்ளிருக்கும் மின்தேக்கி, இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உயிருக்கு ஊறு செய்யும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பூவேலை செய்த துணியுறையை இட்டு அடுப்பை அலங்கரிக்கும் வழக்கமும் காற்றோட்டத் துளைகளை அடைப்பதால் தீங்கானது. துளைகள் வழியே எறும்பும் கரப்பானும் உள்ளே குடியேறுவதைத் துணியுறை தடுப்பதில்லை. வழிந்த பாகை அன்றே துடைப்பதுதான் தடுக்கிறது. வேலை முடிந்ததும் கதவைச் சற்று நேரம் திறந்து வைத்து ஆவியை வெளியேற்றினால் துருவும் பூஞ்சை நாற்றமும் அணுகா.

குழுவினரிடம் வேண்டுவது ஒன்று உண்டு. மைக்ரோவேவ் அடுப்பைச் சோதனைக் கிண்ணத்துக்கு உரியதாகவும், அகன்ற வாணலியை விற்பனைக்கு உரியதாகவும் வைத்துக்கொண்டு, சோதனைக் கிண்ணம் ஒவ்வொன்றுக்கும் பழத்தின் எடை, சர்க்கரையின் எடை, இறுதி எடை ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதி, குழுக்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். நிமிடக் கணக்கை மட்டும் பகிர்வது பயனற்றது. ஒரு வீட்டின் 800 வாட் அடுப்பு, மின்னழுத்தம் தாழும் கோடை மாலையில் 650 வாட் அளவுக்கே உழைக்கக்கூடும். உண்மையான திறனை அறிவது எளிது. ஒரு லிட்டர் குழாய்நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழுத் திறனில் சரியாக ஒரு நிமிடம் ஓட்டி, கலக்கி, மீண்டும் அளந்து, ஏறிய பாகைகளை 70ஆல் பெருக்கினால் வாட் கணக்கு கிடைத்துவிடும்: 11 பாகை ஏறியிருந்தால் 770 வாட், 9 பாகை ஏறியிருந்தால் 630 வாட். இந்த எண்ணையும் குறிப்பேட்டின் தலைப்பில் தேதியோடு எழுதிவைத்தால், சேத்தூரில் சுண்டிய தொக்கின் கணக்கு மம்சாபுரத்து அடுப்புக்கும் பயன்படும்.